அலை உச்சியில் மட்டும் அனுப்பும் லோரா கருவி: 'யாருக்கும் தோன்றுவதுதானே' என்று காப்புரிமை ஆபீஸ் தள்ளிவிடுமா?

நீரோடி ரேடியோ | காலை 9:10

கருவியைச் சுருக்கமாச் சொல்லிடறேன். ஃபைபர் வள்ளத்துல கட்டி வைக்கிற அபாயச் செய்திப் பெட்டி. உள்ளே எஸ்.எக்ஸ். 1262 லோரா சிப் (லோராங்கிறது குறைஞ்ச மின்சாரத்துல தூரமாப் போற ரேடியோ முறை; 865–867 மெகாஹெர்ட்ஸ், அனுப்புற சக்தி 22 டிபிஎம்), இடம் சொல்ற ஜிபிஎஸ்-நாவிக் ரிசீவர், ஆட்டத்தை அளக்குற 6 அச்சு மோஷன் சென்சர், 2 லித்தியம் செல், ஒரு சிவப்புப் பொத்தான். ஆன்டெனா நீர்மட்டத்துல இருந்து ஒன்றரை மீட்டர் உயரம்.

வேலை மூணு. பொத்தானை அமுக்கினா இடம், நேரம், வள்ளத்தோட எண் எல்லாம் சேர்ந்த 20 பைட் செய்தி கிளம்பும். அதைக் கேட்குற வள்ளம் சேமிச்சு வச்சு, கரைப்பக்கமா ஓடுற இன்னொரு வள்ளத்தைக் கண்டா கைமாத்தும். இப்படியே தேங்காய்ப்பட்டணத்துலயோ விழிஞ்ஞத்துலயோ இருக்குற கரை ரிசீவர் வரைக்கும் போகும். மூணாவது, வள்ளம் அலை உச்சிக்கு ஏறுற நேரத்தைச் சென்சரை வச்சுக் கணிச்சு அப்போ மட்டும் அனுப்பும். பள்ளத்துல கிடக்கும்போது வாய் திறக்காது.

காப்புரிமைக்குப் புரொவிஷனல் (தேதியைப் பிடிச்சு வைக்குற முதற்கட்ட விண்ணப்பம்) போட்டு 3 வாரம் ஆச்சு. மூணு வேலையும் அதுல எழுதியிருக்கு. இனி முழு விவரக்குறிப்பு. ஏஜென்ட் ஒருத்தர் கேட்டது: செயற்கைக்கோள் வழியா அபாயச் செய்தி அனுப்புற இஸ்ரோவோட டாட் இருக்கு, கடல் எச்சரிக்கை தர்ற இன்காய்ஸோட ஜெமினி இருக்கு, லோரா கருவிகள் ஒண்ணுக்கொண்ணு செய்தி கைமாத்துற மெஷ்டாஸ்டிக் இருக்கு, மோஷன் சென்சர் எல்லார் போன்லயும் இருக்கு, இதையெல்லாம் ஒரே டப்பாவுல போட்டா இன்வென்டிவ் ஸ்டெப் (யாருக்கும் சுலபமாத் தோன்றாத புதுமை) எங்க இருந்து வரும்?

இன்னொரு உறுத்தலும் இருக்கு. வள்ளம் அலையேறும்போதுதான் வயர்லெஸ்ல குரல் தெளியும்னு இந்தக் கரையில கடலுக்குப் போற எல்லாருக்கும் தெரியும். அப்போ மூணாவது வேலையும் ஊரறிஞ்ச விஷயம்னு ஆயிடுமா?

கிளெய்ம் திண்ணை | காலை 10:25

டப்பா வாதத்தை முதலில் பார்ப்போம். பாகங்கள் பழையவை என்பதால் மட்டும் எந்த விண்ணப்பமும் விழாது. பழைய பாகங்கள் சேர்ந்த பிறகு என்ன செய்கின்றன என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

காப்புரிமைச் சட்டத்தில் இன்வென்டிவ் ஸ்டெப்புக்கு விளக்கம் பிரிவு 2(1)(ஜேஏ). அதற்கு இரண்டு கால். ஒன்று, இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ வேண்டும். மற்றது, அந்த அம்சத்தால் கண்டுபிடிப்பு அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தெரியாததாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும். முதல் காலைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறவர்கள் நிறைய. 'உயிர் காக்கும், விலை குறைவு' என்று 4 பக்கம் எழுதியிருப்பார்கள், இரண்டாவதைப் பற்றி ஒரு வரி இருக்காது. காப்புரிமை ஆபீஸ் எக்ஸாமினர் அடிக்கும் இடம் அதுதான்.

இந்த மண்ணில் அடிப்படைத் தீர்ப்பு உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் சொன்ன பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கு. பாத்திரம் கடைசல் பிடிக்கும்போது அதைப் பற்றிக்கொள்ளும் கருவி பற்றியது. ஏற்கெனவே இருந்த பிடிமானத்தில் செய்த மாற்றம் பட்டறைக்காரர் இயல்பாகச் செய்துகொள்ளும் மேம்பாடுதான் என்று காப்புரிமை ரத்தானது. உங்களுக்கும் கேள்வி அதேதான்: இது பட்டறை மேம்பாடா, அதற்கு மேலா?

அதை எப்படி அளப்பது என்பதற்கு 2015-இல் ரோஷ்–சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு வகுத்த வரிசை கைகொடுக்கும். தேர்ந்தவர் யார் என்று முடிவு செய். கண்டுபிடிப்பின் கரு என்ன என்று பார். முன்னுரிமைத் தேதியில் (புதுமையை எந்த நாளை வைத்து அளப்பார்களோ அந்த நாள்) அவருக்கு இருந்த பொது அறிவை அவர் தலையில் ஏற்று. முன்னறிவுக்கும் (அந்தத் தேதிக்கு முன்பே வெளியில் இருந்தது) இதற்கும் உள்ள வித்தியாசத்தை எடு. அந்த வித்தியாசம் அவருக்குத் தோன்றியிருக்குமா என்று கேள், விடையைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடாதே. ஐரோப்பாவில் இந்தக் கடைசிப் படியைச் 'செய்திருக்க முடியுமா' என்று கேட்பதில்லை, 'செய்திருப்பாரா' என்று கேட்பார்கள். கேட்கச் சின்ன வித்தியாசம்போலத்தான் தெரியும். விண்ணப்பத்துக்கு அது உயிர்.

தேர்ந்தவர் யார்? இங்கே வயர்லெஸ் எம்பெடட் எஞ்சினியர். லோரா டேட்டாஷீட்டைக் கரைத்துக் குடித்தவர், மெஷ் நெட்வொர்க் தெரிந்தவர், கற்பனை மட்டும் கிடையாது. கருவி கடலுக்கானது என்பதால் எக்ஸாமினர் அவர் பக்கத்தில் ஒரு கடல்சார் கருவிக்காரரையும் உட்கார வைப்பார். அதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம், ஒத்துக்கொண்டே எழுதுங்கள்.

இனி மூன்று வேலைகளும். டாட் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அதன் இரண்டாம் தலைமுறை 'செய்தி கிடைத்தது' என்று பதிலும் தருகிறது, புளூடூத்தில் போனோடு பேசுகிறது. ஜெமினி 2019-இல் வந்தது, எச்சரிக்கையை வாங்க மட்டும். இரண்டிலும் வள்ளம்-வள்ளம் பேச்சு இல்லை என்பது உங்களுக்கு ஆறுதல். ஆனால் அந்த இடைவெளியை மெஷ்டாஸ்டிக் அடைத்துவிடும், சேமித்து அனுப்பும் வசதி உட்பட. கரை நோக்கிப் போகிறவருக்கு முன்னுரிமை என்பதும் புதிதல்ல. இருப்பிடத்தை வைத்து அடுத்த கையைத் தேர்ந்தெடுக்கும் ஜிபிஎஸ்ஆர் 2000-லேயே வெளியானது. தாமதம் தாங்கும் நெட்வொர்க்குக்கு ஆர்எஃப்சி (இணைய நெறி ஆவணம்) 4838 (2007) இருக்கிறது, சந்திப்பு வாய்ப்பைக் கணித்துக் கைமாற்றும் ப்ராஃபெட்டுக்கு ஆர்எஃப்சி 6693 (2012) இருக்கிறது. முதல் இரண்டு வேலையை வைத்து முதல் கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரி) எழுதினால் முதல் பரிசோதனை அறிக்கையிலேயே காலி.

மிச்சம் மூன்றாவது. அதிலும் 'உச்சியில் அனுப்பு' என்பதோடு நின்றால் ஆட்டம் காணும். அலையில் ஆடும் பொருள் உங்கள் வள்ளம் மட்டுமா? மிதவைகள் இருக்கின்றன. காப்புரிமை வகைப்பாட்டில் பி63பி 22-இல் மிதவைகள், எச்04டபிள்யூ 40/20-இல் இருப்பிடம் சார்ந்த வழித்தேர்வு, எச்04டபிள்யூ 4/90-இல் அவசரச் சேவை, ஜி01எஸ் 19/17-இல் அவசரத்துக்கான செயற்கைக்கோள் இடங்காட்டி. இந்த வகுப்பு எண்களை எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடுதளத்தில் இரண்டிரண்டாகக் கோத்து, 'ஹீவ்', 'வேவ் கிரெஸ்ட்', 'டிரான்ஸ்மிஷன் டைமிங்' என்ற சொற்களோடு தேடுங்கள். மீன்பிடிக் கருவி என்று மட்டும் தேடினால் ஒன்றும் வராது, அந்த நிம்மதி பொய்.

எதிர்மனு | காலை 11:40

மேலே சொன்னது எக்ஸாமினர் பக்கம். எதிர்க்கட்சியா உட்கார்ந்து பார்க்குறேன்.

ஊரறிவு பற்றிய உறுத்தல் சரியான உறுத்தல். பிரிவு 25(1)(கே): உள்ளூர்ச் சமூகத்துல வாய்மொழியாவோ வேற வகையிலயோ இருக்குற அறிவு கண்டுபிடிப்பை முன்கூட்டியே தொட்டுட்டா, வழங்குறதுக்கு முன்னாடியே எதிர்ப்பு போடலாம். யார் வேணும்னாலும் போடலாம். எழுதி வச்ச ஆதாரம்தான் வேணும்னு இல்லை. 25(1)(இ)-யிலயும் 'இந்தியாவுல பயன்பாட்டுல இருந்தது'ன்னு ஒரு வாசல் திறந்திருக்கு. அலையேறும்போது மைக்கை அமுக்குறது பழக்கம்னா, நாலு மீனவர் அபிடவிட் போதும்.

அடுத்தது பிரிவு 3(எஃப்): தெரிஞ்ச கருவிகள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம அதுஅது தன் வேலையைச் செஞ்சுட்டிருந்தா, சேர்த்து அடுக்கினது கண்டுபிடிப்பே இல்லை. சென்சர் உச்சியைச் சொல்லுது, ரேடியோ அனுப்புது. தனித்தனி வேலைதானே?

3(கே)-யும் வரும். 'இந்த நேரத்துல அனுப்பு'ங்கிறது அல்காரிதம், அது கண்டுபிடிப்பு ஆகாதுங்கிற பிரிவு இது.

அமெரிக்காவுக்குப் போற ஆசை இருந்தா அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தோட 2007 கேஎஸ்ஆர் தீர்ப்பைப் படிச்சிடுங்க. தெரிஞ்ச பெடல்ல தெரிஞ்ச எலெக்ட்ரானிக் சென்சரைப் பொருத்தின வழக்கு. எதிர்பார்த்த பலனைத்தான் தந்துச்சுன்னு காப்புரிமை போயிடுச்சு. உங்க வழக்கும் வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கு: தெரிஞ்ச ரேடியோ, தெரிஞ்ச சென்சர், 'உயரமா இருந்தா தூரம் போகும்'ங்கிற எதிர்பார்த்த பலன்.

நீரோடி ரேடியோ | பிற்பகல் 2:40

பலன் எதிர்பார்த்ததுதான்னு சொல்ல முடியாது. ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

ஒண்ணு, உச்சியைக் கண்டுபிடிக்குறது நினைச்ச மாதிரி இல்லை. சென்சர் அளவை ரெண்டு தரம் தொகையிட்டு உயரம் எடுக்கப் போனா அரை நிமிஷத்துல எங்கேயோ ஓடிப்போகுது. அதனால உயரத்தை விட்டுட்டோம். உச்சியில முடுக்கம் கீழ்நோக்கி அதிகபட்சமா இருக்கும், அதாவது சென்சர் 1 ஜி-க்குக் குறைவாக் காட்டுற புள்ளிதான் உச்சி. அந்தக் குறைவை மட்டும் பிடிக்குறோம். ஆனா வள்ளம் பக்கவாட்டுல உருளும்போதும் அதே மாதிரி குறையுது. ஜைரோவை (சுழற்சியை அளக்குற சென்சர்) வச்சு உருளலைக் கழிச்ச பிறகுதான் சரியாச்சு.

ரெண்டாவது, உச்சியில அனுப்பும்போது ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (எஸ்.எஃப்., லோரா ஒரு செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புதுங்கிற அளவு) 12-ல இருந்து 9-க்கு இறக்கிடுவோம். உச்சி எவ்வளவு நேரம் நிக்கும்னு கணிச்சு, அதுக்குள்ள முடியுற அளவுக்கு. தூரமா அனுப்பணும்னா ஃபேக்டரைக் கூட்டணும்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இங்க குறைச்சாத்தான் போய்ச் சேருது.

பாறசாலை ஃபர்ம்வேர் | மாலை 4:05

மக்கா, இந்த ரெண்டாவதை முதல் பதிவுலயே போட்டிருக்க வேண்டாமா! எனக்கு மொத்த விஷயமும் அங்கதான் கிடக்கு. எண்ணை வச்சுப் பார்ப்போம்.

20 பைட், 125 கிலோஹெர்ட்ஸ் அகலம், பிழைதிருத்தக் கோடிங் 4/5. எஸ்.எஃப். 12-ல வானத்துல இருக்குற நேரம் 1.32 செகண்ட். எஸ்.எஃப். 9-ல 0.185 செகண்ட். இப்போ 5 செகண்ட் அலையை எடுத்துக்கோங்க. வீச்சுல பாதிக்கு மேல வள்ளம் நிக்குறது சுழற்சியில மூணுல ஒரு பங்கு, அதாவது 1.67 செகண்ட். எஸ்.எஃப். 12 அதுக்குள்ள மூச்சுப் பிடிச்சுத்தான் நுழையும். கணிப்பு கால் செகண்ட் பிசகினா பாக்கெட்டோட வால் பள்ளத்துல விழும். எஸ்.எஃப். 9-னா அதே இடைவெளியில மூணு நாலு பிரதி போடலாம். கள்ளக்கடல் நாள்ல வர்ற நீண்ட அலைன்னா நேரம் தாராளம், அங்க இந்தச் சிக்கல் அவ்வளவா இல்லை. கிளெய்ம் எழுதுறவர் இதைக் கவனிக்கணும், எல்லா அலைக்கும் ஒரே ஃபேக்டர்னு எழுதிடக்கூடாது.

அடுத்து சிக்னல். 12-ல இருந்து 9-க்கு இறங்கினா ரிசீவர் உணர்திறன்ல ஏறக்குறைய 8 டெசிபெல் போகும். அது எங்கிருந்து திரும்ப வரும்? அலை உயரம் 2 மீட்டர், ஆன்டெனா 1.5 மீட்டர்னா, உச்சியில 2.5, பள்ளத்துல 0.5. இந்த உயரத்துல, இந்தத் தூரத்துல ரெண்டு கதிர்க் கணக்குதான் (நேரா வர்ற சிக்னலும் நீர்ல பட்டு வர்றதும்) செல்லும், சிக்னல் உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். சராசரியில இருந்து உச்சிக்கு 4.4 டெசிபெல் மட்டும்தான், 8-க்குப் பத்தாது. ஆனா எப்போ அனுப்பினாலும் போகணும்னு டிசைன் பண்ற செட், பள்ளத்தை நினைச்சுத்தான் ஃபேக்டரை வைக்கணும். பள்ளத்துக்கும் உச்சிக்கும் 14 டெசிபெல். 8-ஐச் செலவழிச்சும் 6 கையில. அடிவானக் கணக்கும் இதையேதான் சொல்லுது: எதிர்முனை 1.5 மீட்டர்ல இருந்தா பள்ளத்துல இருந்து சுமார் 8 கி.மீ., உச்சியில இருந்து 11.5 கி.மீ.

கரண்டும் சொல்லணும். 22 டிபிஎம்ல இந்தச் சிப் 118 மில்லியாம்ப் இழுக்கும். 3.3 வோல்ட்னா ஒரு எஸ்.எஃப். 12 பாக்கெட்டுக்கு அரை ஜூல், எஸ்.எஃப். 9-க்கு 0.07. வானத்துல இருக்குற நேரம் ஏழுல ஒரு பங்கா ஆறதால பக்கத்து வள்ளங்களோட மோதலும் குறையும்.

உருளல் கதைக்கும் எண் இருக்கு. 1 மீட்டர் வீச்சு, 6 செகண்ட் அலைன்னா உச்சியில குறையுறது 0.11 ஜி. 12 செகண்ட் அலைன்னா வெறும் 0.028 ஜி. வள்ளம் 15 டிகிரி உருண்டா செங்குத்து அச்சு இழக்குறது 0.034 ஜி. அதாவது நீண்ட அலையில உருளல் உச்சியை முழுசா மறைச்சிடும், அதுவும் இடதுபக்கம் ஒண்ணு வலதுபக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பொய் உச்சி. இதை எழுதாம 'சென்சர் உச்சியைக் கண்டறியும்'னு ஒரே வரியில முடிச்சா, எக்ஸாமினருக்கு அது சுலபமான காரியமாத்தான் படும்.

எஞ்சின் அதிர்வை அடக்க 0.5 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருப்பீங்க. ரெண்டாம் படி பட்டர்வொர்த் வகை ஃபில்டர்னா அதுவே 0.45 செகண்ட் தாமதம். அதோட பாக்கெட் நடுப்பகுதி உச்சியில விழணும்னா பாக்கெட் நேரத்துல பாதி முன்னாடியே தொடங்கணும். எஸ்.எஃப். 12-க்கு மொத்தம் 1.1 செகண்ட் முன்கணிப்பு, எஸ்.எஃப். 9-க்கு 0.54. ஃபேக்டரைக் குறைச்சதால கணிக்க வேண்டிய நேரமே பாதியாச்சு. சென்சரும் ரேடியோவும் தனித்தனி வேலை செய்யுதுன்னு மேல ஒருத்தர் சொன்னாரே, அதுக்கு இதுதான் பதில்: ரேடியோ அமைப்பு மாறினதால சென்சர் வேலை எளிசாகுது, சென்சர் சொன்னதால ரேடியோ அமைப்பை மாத்த முடியுது.

ஒரு ஓட்டை: எதிர்ல வாங்குற வள்ளம் உச்சியில இருக்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. பலன் ஒரு முனைக்குத்தான். அடுத்தடுத்த 3 உச்சியில அனுப்பினா எதிர்முனை ஏதாவது ஒண்ணுல மேல இருக்க வாய்ப்பு கூடும். 'இரு முனையும்'னு எங்கயும் எழுதிடாதீங்க.

எதிர்மனு | மாலை 4:50

விடமாட்டேன். லோரா கருவிகளுக்கான லோராவான் நெட்வொர்க்ல ஏடிஆர் (வேகத்தைத் தானா மாத்துற வசதி) இருக்கு. சிக்னல் நல்லா இருந்தா ஃபேக்டரைக் குறைக்குறதுதான் அதோட வேலையே. உச்சியில சிக்னல் நல்லா இருக்கு, அதனால குறைச்சேன். இதுல புதுசு என்ன?

பாறசாலை ஃபர்ம்வேர் | மாலை 5:15

ஏடிஆர் பழைய பாக்கெட்டுகளோட அளவைப் பார்த்துச் சர்வர் சொல்ற மாற்றம். பதில் வரலைன்னா கருவி தானா ஃபேக்டரைக் கூட்டும், அதுவும் 64 பாக்கெட் பார்த்துட்டு இன்னும் 32 பொறுத்து. கட்டடத்துல மாட்டின மீட்டருக்குச் சரி. 5 செகண்டுக்கு ஒருமுறை 14 டெசிபெல் ஏறி இறங்குற இடத்துல அது பின்னாலேயே ஓடிட்டு இருக்கும். நம்ம கருவி சிக்னலை அளக்கவே இல்லை, இன்னும் அனுப்பாத பாக்கெட்டுக்கு வள்ளத்தோட அசைவை வச்சு முடிவெடுக்குது. அபாயப் பொத்தான்ல சர்வர் பதிலுக்குக் காத்திருக்கவும் முடியாது.

கிளெய்ம் திண்ணை | மாலை 6:30

ஏடிஆர் பற்றிய இந்தச் சண்டை அப்படியே விவரக்குறிப்புக்குள் போக வேண்டும். எக்ஸாமினர் ஏடிஆரை டி1 (முதல் முன்னறிவு ஆவணம்) ஆகவும் அலை மிதவை ஒன்றை டி2 ஆகவும் வைத்துத்தான் வரப்போகிறார். ஏடிஆர் படித்த எஞ்சினியர், செய்தி போய்ச் சேரவில்லை என்றால் எந்தத் திசையில் கைவைப்பார்? ஃபேக்டரைக் கூட்டுவார். மிதவை படித்தவர் எதற்குச் சென்சர் வைத்திருக்கிறார்? அலையை அளக்க. இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தாலும் 'உச்சி நிற்கும் நேரத்துக்குள் முடியும்படி ஃபேக்டரை இறக்கு' என்று சொல்ல இருவருக்கும் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எந்த ஆவணம் தருகிறது என்று எக்ஸாமினர் காட்ட வேண்டும். 2022 அக்ரிபோர்டு தீர்ப்பில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் கேட்டது: முன்னறிவு சொல்வது என்ன, விண்ணப்பம் சொல்வது என்ன, அதிலிருந்து இது தேர்ந்தவருக்கு எப்படி வெளிப்படை என்று மூன்றையும் எழுதாமல் நிராகரிக்கக் கூடாது. பதிலில் அதைக் குறிப்பிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஊரறிவு. மறைக்கவே கூடாது. பின்னணிப் பகுதியில் முதல் பத்தியாக நீங்களே எழுதுங்கள்: அலையேறும்போது குரல் தெளியும் என்பது கடற்கரைச் சமூகத்தில் அறியப்பட்டது என்று. அடுத்த பத்தியில், அந்த அறிவைக் கருவியாக்கப் போனால் எங்கெங்கே உடைகிறது என்று. பேசுகிறவர் தன் கண்ணால் அலையைப் பார்த்து மைக்கை அமுக்குகிறார். நினைவிழந்து கிடப்பவரின் பெட்டிக்குக் கண் இல்லை. குரல் பேச்சில் ஃபேக்டரும் இல்லை, பாக்கெட் நீளமும் இல்லை, பொய் உச்சியும் இல்லை. 25(1)(கே) மனு வந்தாலும், நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் அது நிரூபிக்கும்.

முதல் கிளெய்மைக் கருவியாகவே எழுதுங்கள். ரேடியோ, ஆன்டெனா, மோஷன் சென்சர், கன்ட்ரோலர். கன்ட்ரோலர் (அ) உருளலைக் கழித்த செங்குத்து முடுக்கத்தின் தாழ்புள்ளியிலிருந்து அடுத்த உச்சியின் நேரத்தையும் அது நிற்கும் காலத்தையும் கணிக்கிறது, (ஆ) அந்தக் காலத்துக்குள் முடியும் ஸ்ப்ரெடிங் ஃபேக்டரைத் தேர்கிறது, (இ) பாக்கெட்டின் நடுப்பகுதி உச்சியில் விழும்படி அனுப்பத் தொடங்குகிறது. சேமித்துக் கைமாற்றுவது, கரைத்திசை முன்னுரிமை எல்லாம் சார்புக் கிளெய்ம்களாகக் கீழே போகட்டும். 3(கே)-க்கு 2019 ஃபெரித் அல்லானி தீர்ப்பு துணை: கணினி நிரல் சம்பந்தப்பட்டது என்பதாலேயே தள்ள முடியாது, தொழில்நுட்ப விளைவைப் பார்க்க வேண்டும். உங்கள் விளைவு ஆன்டெனாவிலும் பேட்டரியிலும் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை.

கிளெய்ம் 10-க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும், தனிநபருக்கு ஆன்லைனில், 320 ரூபாய். 30 பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு 160.

இப்போது அவசரமான கேள்வி. காலை 9:10 பதிவில் மூன்று வேலையும் புரொவிஷனலில் இருப்பதாகச் சொன்னீர்கள். ஃபேக்டர் இறக்குவதும் உருளலைக் கழிப்பதும் அதில் இருக்கிறதா?

நீரோடி ரேடியோ | மாலை 6:52

இல்லை. 'அலை உச்சியில் மட்டும் அனுப்பும்'னு ஒரு பத்தி இருக்கு, அவ்வளவுதான்.

கிளெய்ம் திண்ணை | மாலை 7:05

அப்படியானால் இன்று இரவு 12-க்குள் வேலை இருக்கிறது.

ஒவ்வொரு கிளெய்முக்கும் முன்னுரிமைத் தேதி தனி (பிரிவு 11). புரொவிஷனலில் இல்லாததை முழு விவரக்குறிப்பில் சேர்த்தால், அந்தக் கிளெய்முக்கு அதைத் தாக்கல் செய்யும் நாள்தான் தேதி. அதற்கு முன் வெளியானது எல்லாம் முன்னறிவு. பிற்பகல் 2:40-க்கு நீங்கள் இங்கே போட்ட பதிவு வெளியீடு. 4:05-இல் வந்த கணக்கும் வெளியீடு. பதிவை அழித்தாலும் யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் தீர்ந்தது. பிரிவு 31-இன் 12 மாதச் சலுகை அரசு அறிவித்த கண்காட்சிக்கும் அறிஞர் சபையில் வாசித்த கட்டுரைக்கும் உரியது, இதுபோன்ற இடத்துக்கு வராது.

ஆனால் கணக்கு நாளைத்தான் பார்க்கிறது. முன்னுரிமைத் தேதிக்கு 'முன்' வெளியாகியிருக்க வேண்டும். இன்றே இரண்டாவது புரொவிஷனல் போட்டால் இன்றைய பதிவு முன்னதாகாது. தனிநபர் என்றால் ஆன்லைனில் 1600 ரூபாய். படிவம் 1, படிவம் 2. கிளெய்ம் எழுத வேண்டியதில்லை. அழகு பார்க்காதீர்கள்: உருளல் கழிக்கும் படி, ஃபேக்டர் தேர்வு, முன்கணிப்பு நேரம், ஃபில்டர் தாமதம், எண்களோடு போடுங்கள். கையால் வரைந்த படம் போதும். ஃபேக்டர் 9 என்று மட்டும் கட்டிப்போடாமல் 7 முதல் 11 வரை எழுதுங்கள், கூடவே பட்டையகலத்தை மாற்றுவதும், பைட்டைக் குறைப்பதும். எதிராளி சுற்றிப் போகும் சந்து அவைதான்.

பாறசாலைக்காரர் போட்ட எண்களில் அவருடைய யோசனையாகப் புதிதாக எதுவும் இருந்தால் (மூன்று உச்சியில் மூன்று பிரதி என்பது எனக்கு அப்படித் தெரிகிறது), அவரும் கண்டுபிடிப்பாளர். பேசிக்கொள்ளுங்கள், பின்னால் அது ஒரு எதிர்ப்புக் காரணமாக வந்து நிற்கும்.

இரண்டு புரொவிஷனலையும் ஒரே முழு விவரக்குறிப்பில் சேர்க்கலாம், பிரிவு 9 இடம் தருகிறது. 12 மாதக் கணக்கு முதல் புரொவிஷனலில் இருந்து ஓடும், இன்றிலிருந்து அல்ல. பரிசோதனைக் கோரிக்கை, படிவம் 18, 4000 ரூபாய், 31 மாதத்துக்குள். எல்லைக்கு எந்தப் பக்கம் வீடு இருந்தாலும் ஆபீஸ் சென்னைதான், கேரளமும் அதன் கீழேயே வருகிறது.

பாறசாலை ஃபர்ம்வேர் | இரவு 8:20

மூணு பிரதி யோசனையை எடுத்துக்கோங்க. பேர் போடுறதைத் தனியாப் பேசலாம்.

முழு விவரக்குறிப்புக்குள்ள சோதனை அட்டவணை இல்லாமப் போகாதீங்க. நாலு மூலைச் சோதனை: எப்போ வேணும்னாலும் எஸ்.எஃப். 12, எப்போ வேணும்னாலும் எஸ்.எஃப். 9, உச்சியில எஸ்.எஃப். 12, உச்சியில எஸ்.எஃப். 9. ரெண்டு கருவி வச்சு ஒப்பிடாதீங்க, ஆன்டெனா ஒண்ணுக்கொண்ணு மாறும். ஒரே கருவி, ஒரே மின்னழுத்தம், பாக்கெட்டுக்குப் பாக்கெட் முறையை மாத்தி மாத்தி அனுப்பணும், அப்போதான் காத்தும் அலையும் நாலுக்கும் ஒரே மாதிரி விழும். 4, 7, 10 கி.மீ. ஒவ்வொரு மூலைக்கும் 300 பாக்கெட். பதிவுல வரிசை எண், ஃபேக்டர், சிக்னல் பலம் (ஆர்எஸ்எஸ்ஐ), சிக்னல்-இரைச்சல் விகிதம் (எஸ்என்ஆர்), அனுப்பின நேரத்துல சென்சர் அளவு, ரெண்டு வள்ளத்தோட இடம். எஞ்சின் ஓடும்போது ஒரு தரம், அணைச்சு மிதக்கும்போது ஒரு தரம்.

உச்சியால வந்த லாபத்தையும் ஃபேக்டரால வந்த லாபத்தையும் கூட்டினதைவிட நாலாவது மூலை அதிகமா வந்தா 3(எஃப்) பேச்சு அதோட முடிஞ்சுது. வரலைன்னா அதையும் மறைக்காம, கிளெய்மைக் குறுக்கி 5–8 செகண்ட் அலைக்கு மட்டும்னு வைக்கலாம்.

நீரோடி ரேடியோ | இரவு 10:48

போட்டாச்சு, விண்ணப்ப எண் வந்திடுச்சு. 11 பக்கம், 5 படம். 7–11 ஃபேக்டர், பட்டையகலம், மூணு பிரதி, உருளல் எல்லாம் உள்ளே. ஊரறிவு பத்தியை முதல்லயே வச்சுட்டேன்.

எதிர்மனு | இரவு 11:15

நல்லது. மிதவைப் பக்கம் தேடினீங்களா? நான் எதிர்த்தரப்புன்னா பி63பி 22-ல இருந்துதான் தொடங்குவேன்.